மேஸ்திரிக்குச் சந்தோஷம் ஆகாது

முதல்முறை விழுந்தது
நூற்றுப்பன்னிரண்டாம் மரத்தடியில்.
தலைலைட் வெளிச்சத்தில்
ஒரு முயலைத் துரத்திப் போனான்,
நடுவழியில் யாரோ கால்களை
உருவிக்கொண்டதுபோலச் சரிந்தான்.
கண் திறந்தே இருந்தது.
ஈறு வெளுத்து ஒட்டுபால் நிறம்.
சருகில் மூத்திரம் பரவியது.

வலிப்பு என்று நினைத்து
பால்வெட்டுக் கத்தியின் இரும்பை
முன்காலில் வைத்து அழுத்தினேன்.
பிடித்துக்கொள்ள அதற்கு விரல் மடங்கவா செய்யும்.
சிரட்டையில் முப்பது சொட்டு விழுகிற நேரம்.
எழுந்தான், உடம்பை உதறினான்,
சருகில் நான் ஏன் உட்கார்ந்திருக்கிறேன்
என்பதுபோல் பார்த்தான்.

எஸ்டேட்காரர் விற்றுவிட்டுப் போனபோது
விலையில் சேராமல் நின்றவன்.
பாதி டாபர்மேன், மீதி குலசேகரம் சந்தை.
முந்நூறு மரமும் வெட்டி முடியும்வரை
பின்னால் கைகட்டி வருவதுபோல் வருவான்.
ஒரு மரம் தவறினால் நின்றுவிடுவான்.
அதனால் மேஸ்திரி.

அன்னாசி ஏற்றிப்போன டெம்போவில்
நாகர்கோவிலுக்கு இடம் கிடைத்தது.
டாக்டர் ஷைனி நெஞ்சில் குழல் வைத்துக் கேட்டார்.
கூடவே தொடையின் உள்பக்கம் விரல் வைத்தார்.
"உள்ளே அடிக்கிற எல்லா அடியும்
இங்கே வந்து சேரவில்லை."
காகிதம் நீளமாக வந்தது.
பிள்ளைகள் இரட்டைக்கோட்டு நோட்டில் எழுதுவதுபோல்
சின்னச் சின்ன எழுத்து,
திடீரென்று கோட்டுக்கு வெளியே
கோணலாக ஒரு பெரிய எழுத்து,
அப்புறம் வெறும் கோடு.
வலிப்பு இல்லையாம்.
இதயம் தொளதொளத்துப் பெருத்திருக்கிறதாம்,
தாளம் தப்புகிற நேரத்தில்
தலைக்கு ரத்தம் ஏறாதாம்.

மூன்று மாத்திரை.
ஒன்று நீர் பிரிய,
ஒன்று பிழிகிற பலத்துக்கு,
ஒன்று தாளத்துக்கு.
தாளத்துக்குள்ளதுதான் விலை கூடுதல்,
மாதம் எத்தனை ரப்பர் ஷீட் என்று
நான் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

சீட்டில் எழுதாமல் வாயால் சொன்னது இது:
"ஓட விடாதீங்க. படி ஏற விடாதீங்க.
ரொம்பச் சந்தோஷப்பட விடாதீங்க."

ஓட்டத்துக்குச் சங்கிலி இருக்கிறது.
படிக்குப் பலகை சாய்த்தேன்.

இப்போது மரத்துக்குத் தனியாகத்தான் போகிறேன்.
ஏழரைக்குத் திரும்பும்போது
என் வீட்டுக்கே கள்ளியாக வருகிறேன்.
காற்று எந்தப் பக்கம் என்று
கமுகு ஓலையைப் பார்த்து,
மறுபக்கமாய் மரச்சீனி விளைக்குள் நுழைந்து,
வாளியைச் சத்தமில்லாமல் இறக்கி,
பால் நாற்றம் போகக் கை கழுவி,
மேல்சட்டையைக் கொடியில் எறிந்து,
முகம் கொடுக்காமல் அவனைத் தாண்டிப் போகிறேன்
மீட்டர் கணக்கெடுக்க வந்தவளைப்போல.

ஒருநாள் மறந்துபோய்
"ஏ மேஸ்திரி" என்றுவிட்டேன்.
வால் இரண்டு சுற்றுச் சுற்றியது.
மூன்றாவது சுற்றில் வால் மட்டும் இருந்தது,
அவன் இல்லை.

பக்கத்து விளை தங்கநேசன் சிரிக்கிறார்:
"பட்டிக்குப் போயி நெஞ்சு வைத்தியமா?
அவுத்து விட்டுட்டு சோலியப் பாருங்க."
அவர் நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட் இருக்கிறது.
மாடிக்கு மகன்தான் கைபிடித்துக் கூட்டிப்போவான்.

இரவில் தூங்கும்போது மூச்சு எண்ண வேண்டும்.
நிமிஷத்துக்கு முப்பதைத் தாண்டினால் போன் செய்ய வேண்டும்.
காலண்டர் தாளின் பின்னால் எழுதிவைக்கிறேன்.
இருபத்திரண்டு. இருபத்துநான்கு.
இருபத்தேழு, இடி இடித்தது.

இன்று மூன்று மணிக்கு மழை பிடித்தது.
மழையில் வெட்டு இல்லை, கூலியும் இல்லை.
தலைலைட்டைக் கழற்றினேன்.
அவன் அதற்குள் வாசலில் நின்றான்,
கத்தி இருக்கும் மூலையையும் என்னையும்
மாறி மாறிப் பார்த்து.
பக்கத்தில் உட்கார்ந்து
தொடையின் உள்பக்கம் விரல் வைத்தேன்.
ஒன்று. இரண்டு. மூன்று.
பிறகு ஒன்றுமில்லை.
ஓட்டின்மேல் மழை மட்டும்.
பிறகு வந்தது, தாமதத்துக்கும் சேர்த்து
ஓங்கி ஒன்று.

வால் தரையைத் தட்டத் தொடங்கியது.
"சும்மா கிட" என்றேன்,
சுவரைப் பார்த்துக்கொண்டு.